தட்டிக் கொடுக்கும் பட்டை

கல்லீரல் பிரிவின் கோடியில், அழுக்குத் துணி வண்டிகள் நிற்கும் நடைக்கு எதிரே இருந்தது ஆய்வு அறை. அங்கே வேலை பார்த்த நர்ஸை எல்லோரும் ‘ஆய்வு சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வார்டில் வருஷக்கணக்காக ராத்திரி டியூட்டி பார்த்துக் கால் வீங்கிப் போயிருந்தவளிடம், “உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒண்ணு இருக்கு, வர்றியாம்மா?” என்று பெரிய டாக்டர் கேட்டார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சரியென்று தலையாட்டிவிட்டாள். உட்கார்ந்து பார்க்கிற வேலைதான். எழுந்திருக்கவே விடாத வேலை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

மஞ்சள் காமாலைக் கிருமி உடம்பிலேயே குடியிருந்துவிட, ஈரல் மெல்ல மெல்லத் தடித்துச் சுருங்கிக்கொண்டிருக்கும் ஆட்கள் வாராவாரம் அவளிடம் வருவார்கள். ஒவ்வொருவர் முன்கையின் உட்புறத்திலும் ஒரு பட்டை ஒட்டியிருக்கும். பாலாடை மாதிரி மெல்லிசு. தொட்டால் இன்னொருவர் தோலைத் தொட்டது போலவே இருக்கும். அது வேர்வையை உறிஞ்சி, ஈரலில் புற்று வைத்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு புரதம் அதில் இருக்கிறதா என்று தேடும். வேர்வையில் அது அகப்படுமா, அகப்பட்டாலும் நம்பலாமா என்பதெல்லாம் இன்னும் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் ஆய்வு. பழைய பட்டையை உரித்து, தோலைத் துடைத்து, புதியதை ஒட்டுவது சிஸ்டரின் வேலை. மாதம் ஒருமுறை ரத்தமும் எடுத்து அனுப்ப வேண்டும், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க.

முதல் வருஷம் ஆட்கள் தங்கவே இல்லை. அரிக்கிறது என்று சிலர் பிய்த்துப் போட்டார்கள். குளிக்கும்போது கழற்றி வைத்துவிட்டு மறந்தவர்கள் உண்டு. ஒருவர் அதைக் கிழிந்த பந்துக்கு ஒட்டிவிட்டேன் என்றார், வெட்கமே இல்லாமல். ஆய்வை மூடிவிட வேண்டியதுதான் என்று பெரிய டாக்டர் கையை விரித்த நேரத்தில்தான் பட்டையைச் செய்த இளம் எஞ்சினியருக்கு அந்த யோசனை வந்தது.

அந்தப் பையனுக்குப் ‘பஞ்சு’ என்று பெயர் வைத்தவள் சிஸ்டர். எப்போதும் கையில் மெத்தென்று எதையாவது வைத்துப் பிசைந்துகொண்டே இருப்பான், பேசும்போதுகூட. அவன் பட்டைக்குள் சின்னச் சின்னக் காற்றுப் பைகளை வைத்துத் தைத்தான். தினம் சாயங்காலம் அளந்து முடித்ததும் அவை மெல்ல உப்பி அடங்கும். தூங்காத குழந்தையின் முதுகில் தாய் தட்டுவது போல, மெதுவாக, சில தட்டுகள். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு ஆள்கூடப் பட்டையைக் கழற்றவில்லை. பஞ்சுவுக்கு எங்கோ ஒரு மாநாட்டில் பரிசு கொடுத்தார்கள். அவன் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தான்.

“பட்டைச் சாராயத்தைப் போட்டுத்தான் சிஸ்டர் என் ஈரலே கெட்டுது. இப்போ இன்னொரு பட்டை வந்து காவல் காக்குது,” என்பார் ஓய்வுபெற்ற பெயின்டர் ஒருவர். வாராவாரம் இதையே சொல்வார். வாராவாரம் அவளும் சிரித்து வைப்பாள்.

லிஃப்ட் மெக்கானிக் அப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை. ஐம்பதைத் தொடாத வயது, கறுத்து முறுக்கேறிய கைகள், நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். கூடவே மனைவி வருவாள். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

“அடுத்த வாரம் உங்களுக்கு ஆறு மாச ஈரல் ஸ்கேன் இருக்கு. மறந்துடாதீங்க,” என்றாள் சிஸ்டர், பழைய பட்டையின் ஓரத்தை நகத்தால் கிளப்பியபடி.

மெக்கானிக் ஜன்னல் பக்கம் பார்த்தார். பதில் மனைவியிடமிருந்து வந்தது.

“அதான் போன தடவையே வேண்டாம்னு விட்டுட்டோமே சிஸ்டர். அரை நாள் லீவு போட்டு, பட்டினி கெடந்து, அது எதுக்கு? அதான் இது தினம் தட்டிக் கொடுக்குதே.”

சிஸ்டரின் விரல் நின்றது. “தட்டிக் கொடுக்குதுன்னா?”

“ஈரல் நல்லா இருந்தாத்தானே தட்டும்? சாயங்காலம் ஆனா நான் எல்லா வேலையையும் போட்டுட்டு இவர் கைமேல கையை வெச்சுக்கிட்டு உக்காந்துடுவேன். அது தட்டினப்புறம்தான் எனக்கு உசிரே வரும். அப்புறம்தான் அடுப்பு பத்த வெப்பேன்.”

“அய்யோ, அப்படி இல்லம்மா. அது அளந்து முடிச்சிட்டேன்னு சொல்றதுக்குத் தட்டுது. நல்லா இருக்குன்னோ கெட்டுப் போச்சுன்னோ அதுக்குச் சொல்லத் தெரியாது. இங்க பரிசோதனைல இருக்கறது உங்க வீட்டுக்காரர் இல்ல, இந்தப் பட்டைதான். ஸ்கேன் பார்த்தே ஆகணும்.”

மனைவி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயோரம் சிரித்தார். “ரூல்ஸ்ல அப்படித்தான் சொல்லணும்னு இருக்கும். சிஸ்டர் என்ன பண்ணுவாங்க?”

மனைவியின் முகம் தெளிந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க, வந்தவர்களிடமெல்லாம் பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டுப் பார்த்தாள். பட்டை எதற்குத் தட்டுகிறது? பெயின்டர், “நீ பொழைச்சுக்குவேன்னு தட்டுது,” என்றார். ஒரு பள்ளி வாத்தியார், எல்லாம் படித்தவர், “ரிசல்ட் நார்மல்னு அர்த்தம்,” என்று பரீட்சைக்கு விடை சொல்வது போலச் சொன்னார். பாதிப் பேருக்கு மேல் அதே பதில்தான். ஸ்கேனைத் தள்ளிப் போட்டவர்களும் அதில் இருந்தார்கள்.

பஞ்சுவைத் தேடிப் போனாள். அவன் மேஜையில் குனிந்து ஒரு காற்றுப் பையை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, அந்தத் தட்டுறதை நிறுத்தணும்.”

அவன் நிமிர்ந்தான். “ஏன்க்கா? அதனாலதானே ஆளுங்க நிக்கறாங்க?”

அவள் சொல்லச் சொல்ல அவன் முகம் சுருங்கியது. “அவங்கவங்க போன் திரையில தெளிவா வருதே அக்கா. ‘இன்றைய அளவு முடிந்தது’ன்னு. வேற ஒண்ணும் சொல்லலையே நாம?”

“திரையை யாரு பார்க்கறா? கையில தட்டுது. தட்டிக் கொடுத்தா என்ன அர்த்தம்னு பொறந்ததுலேருந்தே நமக்குத் தெரியும். கவலைப்படாதேன்னு அர்த்தம். அதை உன் திரை மாத்திடுமா?”

பஞ்சு கையிலிருந்ததைப் பிசைந்தான். பெரிய டாக்டரிடம் இருவருமாகப் போனார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். அவருக்கும் தூக்கம் போதவில்லை என்பது தெரிந்தது.

“தட்டலை நிறுத்தினா ஆள் கழண்டுடுவாங்க. ஆள் கழண்டா ஆய்வு போச்சு. முதல்ல நீ எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிடும்மா. புரியவை. அப்புறம் பார்ப்போம்.”

‘நீ போன் போட்டு’ என்பது எப்போதும் இவ்வளவு சுலபமாக அவர் வாயில் வந்துவிடும். ஆஸ்பத்திரி நேரத்தில் தலைக்கு மேல் வேலை. ஆகவே வீட்டுக்குப் போய்த்தான் பேச வேண்டியிருந்தது. அவள் வீட்டுக்காரருக்கு விடியற்காலையில் பேக்கரி வேலை. சாயங்காலமே படுத்துவிடுவார். அவர் தூக்கம் கெடாமலிருக்க, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, புகைபோக்கி விசிறியின் இரைச்சலுக்கு அடியில் நின்று பேசினாள். ஒரு கையில் கரண்டி, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன்.

சிலர் புரிந்துகொண்டார்கள். சிலர், “சரி சரி” என்றார்கள், மழை வரும் என்று சொன்னால் சொல்வது போல. வயதான பெண்மணி ஒருத்தி முழுசையும் கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

“ஒண்ணுமே தெரியாதுன்னா, பின்னே எதுக்கும்மா தினம் தினம் எங்களைத் தட்டிக் கொடுத்தீங்க?”

அடுப்பில் இருந்தது அடிப்பிடித்து நாறிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் போனை எடுக்கவில்லை. மனைவி எடுத்து, “அவர் வேலைல இருக்கார் சிஸ்டர். ஸ்கேன்தானே, பார்க்கலாம், பார்க்கலாம்,” என்று வைத்துவிட்டாள். குறித்த நாளில் அவர்கள் வரவில்லை.

விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். எத்தனை பேரை இழுத்துப் பிடிக்க முடியும்? ஆனால் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த உயரமான குடியிருப்பில் லிஃப்ட் கம்பி மாற்றுவதாக அவர் சொன்னது ஞாபகத்தில் இருந்தது. வீட்டுக்குப் போகிற வழி. வாசலில் ‘லிஃப்ட் இயங்காது’ என்று அட்டை தொங்கியது. அவளுக்கு அழுகை வராத குறை. வீங்கிய காலோடு மாடி மாடியாக ஏறி, இடையிடையே படியில் உட்கார்ந்து, உச்சியிலிருந்த எந்திர அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு மார்பைக் குத்தியது.

உள்ளே எண்ணெய் வாடை. பெரிய சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்த மெக்கானிக் அவளைப் பார்த்ததும் பதறி எழுந்தார். கூட வேலை பார்த்தவரைக் கீழே எதையோ எடுத்துவர அனுப்பிவிட்டு, ஒரு மரப்பெட்டியைத் துடைத்துப் போட்டார்.

“உக்காருங்க சிஸ்டர். தண்ணி குடிங்க. இவ்வளவு மாடி ஏறியா வந்தீங்க?”

“பின்னே, நீங்கதானே லிஃப்டை நிறுத்தி வெச்சிருக்கீங்க.”

அவர் சிரித்தார். அவள் மூச்சு அடங்கும் வரை காத்திருந்தார். அவள் ஆரம்பிக்கும் முன்பே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“எனக்குத் தெரியும் சிஸ்டர். அது சும்மா தட்டுதுன்னு மொத நாளே தெரியும்.”

அவள் பாட்டிலை வாயிலிருந்து எடுத்தாள்.

“எங்க அண்ணனுக்கும் இதேதான். அவன் நல்லா நடந்துக்கிட்டிருந்தான். ஸ்கேன்ல ஏதோ தெரியுதுன்னாங்க. அன்னைக்குப் படுத்தவன்தான், எழுந்திரிக்கல. கூட இருந்து எல்லாத்தையும் பார்த்தவ என் வீட்டுக்காரி. அதுக்கப்புறம் அவ தூங்கறதில்ல சிஸ்டர். நான் புரண்டு படுத்தா எழுந்து விளக்கைப் போடுவா. கண்ணு மஞ்சளா இருக்கான்னு பார்ப்பா. இந்தப் பட்டை வந்து ஒரு நாள் தட்டுச்சு. என்னன்னு கேட்டா. நல்லா இருக்குன்னு சொல்லுதுன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அன்னைக்குத் தூங்கினா பாருங்க! அடிச்சுப் போட்ட மாதிரி. அவளே உங்க ரூமுக்கு வெளியில உக்காந்திருக்கறப்போ மத்தவங்களுக்கெல்லாம் சொல்லிட்டா போல.”

“நீங்க?”

“நான் என்ன?”

“நீங்க தூங்கறீங்களா?”

அவர் கையிலிருந்த அழுக்குத் துணியால் விரல் விரலாகத் துடைத்தார். கிரீஸ் போவதாக இல்லை. “பார்த்துத் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது சிஸ்டர்? இருக்கற வரைக்கும் அவ நிம்மதியா இருக்கட்டும்.”

சிஸ்டருக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் ஆத்திரப்படவும் தெம்பு வேண்டுமே. “உங்க அண்ணன் எத்தனை நாளா ஸ்கேன் பார்க்காம இருந்தார்?” என்று மட்டும் கேட்டாள்.

“அவன் எங்க பார்த்தான்? வயிறு வீங்கினப்புறம்தான் போனான்.”

சொன்னவர் தானாகவே நிறுத்திக்கொண்டார். “தட்டலை நிறுத்தச் சொல்லப் போறேன். உங்க வீட்டுல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், அது என் வேலை இல்ல. ஆனா அது நின்னா உங்களைத்தான் கேப்பாங்க. அதுக்குள்ள பேசிடுங்க,” என்றாள். பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் பஞ்சுவிடம் அவள் வாதாட வேண்டியிருக்கவில்லை. அந்த வயதான பெண்மணி கேட்டதை அப்படியே அவனிடம் சொன்னாள். அவன் பிசைந்துகொண்டிருந்ததை மேஜைமேல் வைத்தான்.

“நிறுத்திடறேன் அக்கா. டாக்டர்கிட்டயும் நானே சொல்லிக்கறேன்.”

“பரிசெல்லாம் வாங்கினது...”

“அதை விடுங்க,” என்றான்.

இன்று முதல் தட்டாது, பட்டை பழுதாகவில்லை, பயப்பட வேண்டாம் என்று எல்லோர் போனுக்கும் செய்தி போனது. செய்தி படிக்கிறவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். அன்று சாயங்காலம் சிஸ்டர் தோசைக்கல்லைக்கூட வைக்கவில்லை, போன் அடித்துவிட்டது.

“சிஸ்டர், தட்டல சிஸ்டர்!” மெக்கானிக்கின் மனைவி. குரல் கிழிந்து போயிருந்தது. “எவ்வளவு நேரமா கையை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். தட்டவே இல்ல. இவர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார். என்னாச்சு சிஸ்டர்? வந்துடுச்சா?”

சிஸ்டர் விசிறியை நிறுத்தினாள். வீட்டுக்காரர் எழுந்தால் எழட்டும்.

“ஒண்ணும் வரல. தட்டுறதை நாங்கதான் நிறுத்தினோம். யாருக்கும் தட்டாது. பயப்படாதீங்க. பக்கத்துல அவர் இருக்காரா? போனை அவர்கிட்ட குடுங்க.”

கை மாறிய சத்தம் கேட்டது. மூச்சுச் சத்தம் கேட்டது. “சிஸ்டர்,” என்றார் மெக்கானிக்.

“நீங்க சொல்றீங்களா?”

“சொல்றேன்,” என்றார். போன் அணைந்தது.

மறுநாள் காலையில் ஸ்கேன் அறை வாசலில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு. மனைவியின் கண் இமை வீங்கியிருந்தது. சிஸ்டரைக் கண்டதும், “இவருக்கு வெறும் வயித்துல தலை சுத்துமாம். எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டுச் சொல்லுங்க சிஸ்டர்,” என்றாள். இவர் என்பவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார். அவரோ, “பரவாயில்லைன்னு சொல்லுங்க சிஸ்டர்,” என்றார்.

ஸ்கேனில் தெரிந்தது. ஈரலின் வலப்பக்கத்தில் சின்னதாக ஒரு முடிச்சு. கூடுதலாகச் செய்த பரிசோதனைகளிலும் அது புற்றுதான் என்று ஆயிற்று. பெரிய டாக்டர் தம்பதியை உட்கார வைத்து, படத்தைக் காட்டி, கட்டிக்குள் ஊசி விட்டு அதை மட்டும் சுட்டுவிடலாம், இந்த அளவில் பிடித்தது நல்லதாயிற்று என்று விளக்கினார். மெக்கானிக் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மனைவி அழவில்லை. எந்த நாள், எங்கே வர வேண்டும், எத்தனை நாள் வேலைக்குப் போகக்கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

அவர்கள் போன பிறகுதான் பஞ்சு மெக்கானிக்கின் பட்டை அளவுகளைத் திரையில் கொண்டுவந்தான். ஆய்வு தொடங்கி இத்தனை நாளில் புற்று என்று உறுதியான முதல் ஆள் அவர்தான். கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. ஏற்றமே இல்லை.

“பட்டை கோட்டை விட்டுடுச்சு,” என்றான். முகம் வெளுத்திருந்தது.

பெரிய டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதிலும் ஏற்றமில்லை. “பட்டை பொய் சொல்லலப்பா. இவர் ஈரல் அந்தப் புரதத்தை விடவே இல்ல. சில கட்டிங்க அப்படித்தான், சத்தமே போடாது. ஒரு புரதத்தை மட்டும் நம்பினா இதுதான் கதி. இன்னும் ரெண்டு மூணு சேர்த்துத் தேடணும்.” பிறகு கண்ணாடியைக் கழற்றினார். “மறுபடியும் மொதல்லேருந்து.”

தட்டல் நின்ற பிறகு ஆய்விலிருந்து ஆட்கள் கழன்றுகொண்டுதான் இருந்தார்கள். ஆய்வு அறை நாற்காலிகள் பாதி காலி. பெயின்டர் மட்டும் தவறாமல் வந்தார். “வெறும் பட்டையா இருந்தாலும் ஒட்டுங்க, பழகிடுச்சு,” என்று கையை நீட்டினார். ஸ்கேனுக்கும் போய்விட்டு வந்திருந்தார்.

மெக்கானிக்குக் கட்டியைச் சுடும் நாளன்று, டியூட்டி முடிந்ததும் சிஸ்டர் அந்தப் பக்கம் போனாள். அது அவள் வேலையில்லை. கதவுக்கு வெளியே பெஞ்சில் மனைவி மட்டும், கணவரின் செருப்பையும் சட்டையையும் ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து, செருப்பிலிருந்து காலை விடுவித்துக்கொண்டாள்.

“நான் அழுவேன்னு பயந்துக்கிட்டு இந்த மனுசன் சாகப் பார்த்திருக்கார் சிஸ்டர்,” என்றாள் அவள், முன்னால் இருந்த சுவரைப் பார்த்தபடி. “அழுதா என்ன? அழுதுட்டுப் போறேன். அழுதுக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்க மாட்டேனா?”

“வந்திருப்பீங்க.”

“என்னைத் தூங்க வெக்கறதுக்குப் பொய் சொன்னாராம். நானும் மடச்சி மாதிரி தூங்கியிருக்கேன்.” பிறகு, வேறு யாரைப் பற்றியோ சொல்வது போலச் சொன்னாள். “நல்லாத்தான் இருந்துச்சு சிஸ்டர், அது தட்டினப்போ. பொய்யாவே இருந்தாலும்.”

தன் கையை அவள் முதுகில் வைக்கலாமா என்று சிஸ்டருக்குத் தோன்றியது. வைக்கவில்லை.

கதவு திறந்து டாக்டர் ஒருவர் வந்தார். கட்டி முழுக்கச் சுட்டாயிற்று, ஓரமும் சுத்தமாக வந்திருக்கிறது, ஆனால் ஈரல் பழைய ஈரல்தான், வேறு இடத்தில் வரலாம், மூன்று மாதம் கழித்து ஸ்கேன் பார்க்க வேண்டும், அப்புறமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“பார்த்துக்கிட்டே இருப்போம் டாக்டர். நான் இழுத்துட்டு வரேன்.” உள்ளே போகும் முன் திரும்பினாள். “நீங்க கிளம்புங்க சிஸ்டர். மூஞ்சியைப் பார்த்தா நீங்கதான் படுத்துக்கணும் போல இருக்கு.”

சிஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டாள். கால் உள்ளே நுழைய மறுத்தது. நுனியில் மட்டும் நுழைத்து, குதிகாலை மிதித்துக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அதிசயமாக ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மறுநாள் காலையில் ஒட்ட வேண்டிய பட்டைகளை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்தோமா என்று யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் கண் சொருகிவிட்டது. கண்டக்டர் தோளைத் தொட்டு எழுப்பியபோது பஸ் கடைசி நிறுத்தத்தில் நின்றிருந்தது. எஞ்சின் அணைந்து, உள்ளே அவள் ஒருத்திதான் மிச்சம். கண்டக்டர் திரும்பிப் போகும் பஸ் எங்கே நிற்கும் என்று கை காட்டினான். அவள் படியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து அந்தப் பக்கம் போனாள்.